பாம்பன் பாலத்தில் தூங்கும் பெண்



ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு பெண் தூங்கிக்கொண்டு வருவார். மடியில் டிபன் பாக்ஸ். பாம்பன் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அறைந்தாலும் விழிப்பு வராது. தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி முடித்த நர்ஸ் அவர். யாருடைய செல்போனாவது ஒலித்தால் மட்டும் திடுக்கிட்டு எழுவார், நோயாளி கூப்பிடுகிற மணி என்று நினைத்து. உடம்பு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது, மனசு இன்னும் வார்டில்தான் இருக்கிறது.

இப்படி உழைக்கும் நர்ஸின் சம்பளத்துக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் என்றது அந்தக் குழு. பரிந்துரைதான், சட்டம் இல்லை.

அரசு வேலையாவது நிம்மதியா? அங்கேயும் ஒப்பந்த முறை நுழைந்துவிட்டது. 2015-ல் தமிழக அரசுத் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்கு அப்போது 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி உழைத்தவர்கள், 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். நாளை என்ன ஆகுமோ என்ற பயத்தோடு ஊசி போடுகிற கை அது. அந்தப் பயத்தை வளர்த்தது அநியாயம்.

அடுத்த முறை டிரிப்ஸ் மாற்ற ஒரு நர்ஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால், குரலை உயர்த்தாதீர்கள். "சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேளுங்கள்.