சொல்லாமல் போன பயணம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டது.)



ஒலிவாங்கியின் முன் நிற்பது ஒருத்தி என்றாலும் இது சகோதரிகள் மூவரின் பேச்சு. மூவரும் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள். எங்கள் அம்மாவும் அவருடைய அக்காவும் இங்கே விடுதியில் இருந்து படித்தவர்கள். "ஏதாவது ஒரு பயண அனுபவம் சொல்லுங்கோ, கனமாக வேண்டாம்" என்று செயலாளர் கேட்டிருந்தார். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து வந்திருப்பவர்களிடம் பெரிய பெரிய பயணக் கதைகள் இருக்கும். எங்களிடம் இருப்பது கொழும்புக்குப் போய்வந்த கதை. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு.

இதுவும் ஒரு கதையா என்று இங்கே இருக்கும் இளையவர்கள் நினைக்கலாம். இன்று இரவு பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறங்கலாம். எங்கள் சிறுவயதிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1990இல் ரயில் நின்றது, பாதை மூடியது. பிறகு சில காலம் இரவில் கிளாலிக் கடலில் வள்ளம். அதற்குப் பிறகு பாஸ், பதிவு, கப்பலுக்குக் காத்திருப்பு. 400 கிலோமீற்றர் தூரத்துக்குப் போக வாரக்கணக்கில் முன்னதாகத் திட்டமிட வேண்டும். நினைத்தவுடன் புறப்படுவது என்ற ஒன்றையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. திறந்து இரண்டு மாதமாகியும் நாங்கள் போகவில்லை. பயம் ஒன்று. மற்றது, அம்மா வாயைத் திறக்கவில்லை. 1997இல் அப்பா காலமானபோது பெரியம்மாவால் வரமுடியவில்லை. செய்தி கொழும்பை எட்டவே நான்கு நாளானது. இரண்டு வருடத்தில் பெரியப்பா போனபோது அம்மா கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். முறை வந்தபோது முப்பத்தொன்றும் முடிந்துவிட்டது. நியாயம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் இருவர் மனதிலும் ஒரு குறை. கடிதங்களில் சுகம் விசாரிப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முன்வீட்டுத் தம்பி படலையில் நின்று, கட்டுநாயக்காவில் ஒருவரை ஏற்றிவர நாளை விடிய வான் கொண்டுபோவதாகவும், போகும்போது வெறும் வானாகத்தான் போகிறது என்றும் சொன்னார். சும்மா சொன்ன கதை அது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை வைத்துவிட்டு, "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறாய் தம்பி?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இரவிரவாக இடியப்பம் அவித்தோம், சம்பல் இடித்தோம். ஒடியல், பனாட்டு, முருங்கைக்காய், ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான். பெயரிலேயே கொழும்பை வைத்திருக்கும் மாம்பழம், அதற்கும் ஒரு பயணம் வேண்டாமா? எங்களில் ஒருத்தி ஆசிரியை. திங்கட்கிழமைக்கான லீவுக் கடிதத்தைத் திரும்பி வந்துதான் கொடுத்தாள். அதைப் பற்றி இங்கே அதிபர் முன்னிலையில் மேலும் விளக்க விரும்பவில்லை.

நாங்கள் மூவர், அம்மா, இரண்டு மாப்பிள்ளைமார், ஐந்து பிள்ளைகள். சாவகச்சேரியைக் கடக்கும்போது வானுக்குள் பேச்சு நின்றது. கூரை உள்ள கட்டடம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. முகமாலையில் தலையில்லாத பனைகள். இராணுவத்தின் சாவடியில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, பொதிகளை அவிழ்த்து, மறுபடி கட்டினோம். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம். பிறகு புலிகளின் சாவடியில் அதே அவிழ்ப்பு, அதே கட்டு. ஓமந்தையிலும் இது மறுபடி இரண்டு தரம்.

பாதையின் இரு கரையிலும் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். தார் விளிம்பை விட்டு ஓரடி இறங்கக்கூடாது. பெண்பிள்ளைகளோடு பயணம் செய்தவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். ஆனையிறவில் உப்புக்காற்று அடித்தது. கிளிநொச்சி, மாங்குளம் எல்லாம் பள்ளத்துக்குள் பாதையைத் தேடி ஓடிய ஓட்டம். முகமாலையிலிருந்து ஓமந்தைக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. வவுனியா தாண்டியதும் பாதை அழுத்தமாகிவிட, பிள்ளைகள் எல்லோரும் ஒரேயடியாக நித்திரை.

வெள்ளவத்தையில் பெரியம்மாவின் பிளட் நான்காம் மாடி. சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. முன்கூட்டி அறிவிக்கவில்லை. கதவைத் திறந்த பெரியம்மா எங்கள் எல்லோரையும் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நாங்கள் கைலேஞ்சியோடு நின்றோம்.

"வாறதெண்டு ஒரு சொல்லுச் சொல்லேலாதே? வீட்டிலை ஒரு மரக்கறியும் இல்லை."

"சொல்லிப்போட்டு வாற காலமே இது? நீங்கள் சொல்லாமலும் வரேல்லை, சொல்லிப்போட்டும் வரேல்லை."

அங்கே தொடங்கியது. குசினியில் நின்று இரண்டு கிழவிகளும் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். அப்பாவின் செத்தவீடு, பெரியப்பாவின் செத்தவீடு, யார் யாருக்கு எழுதவில்லை, பாட்டியின் அட்டியலை யார் விற்றது என்று எல்லாம் வந்தது. மாப்பிள்ளைமார் மெல்ல நழுவிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். உள்ளே சத்தம் அடங்கிய பிறகு எட்டிப் பார்த்தோம். அம்மா நிலத்தில் இருந்து மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா கொட்டையைச் சூப்பிக்கொண்டிருந்தார். இருவர் முகமும் நனைந்திருந்தது. நாங்கள் விளக்கைக்கூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடையது. காலையில் கடலோரத் தண்டவாளத்துக்குக் கூட்டிப்போனோம். பத்து வயது மகன் அன்றுதான் முதன்முதலாக ரயிலைக் கண்டான். எங்கள் ஊரில் தண்டவாளம் கிடந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. ரயில் வந்து, கத்தி, போய்விட்டது. "இவ்வளவு நீளமா? புத்தகத்திலை மூண்டு பெட்டிதானே" என்றான். மஜெஸ்ரிக் சிற்றியில் நகரும் படியில் ஏற மறுத்து நின்றது பிள்ளைகள் அல்ல, எங்களில் மூத்தவள்.

இரவு பதினொரு மணிக்கு, கட்டுநாயக்காவில் ஏற்றிய லண்டன்காரரோடும் அவருடைய பெட்டிகளோடும் வான் வந்தது. நாங்கள் படியிறங்கினோம். வழியனுப்ப வந்த பெரியம்மா கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். எங்களுக்கு ஏதோ தருகிறார் என்று நினைத்தோம். அவர் நேரே போய் வானில் ஏறி இருந்தார். "கதவைப் பூட்டிப்போட்டன். தள்ளி இரு பிள்ளை" என்றார். மருந்துக் குளிசைகளும் இரண்டு சேலைகளும்தான் அந்தப் பைக்குள்.

திங்கள் மாலை யாழ்ப்பாணத்துக்குள் வந்ததும், வீட்டுக்குப் போகுமுன் இந்த வாசலில் வானை நிற்பாட்டச் சொன்னார். பாடசாலை விட்டுவிட்டது. காவலாளி உள்ளே விட்டார். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இதே மண்டபத்துக்கு வந்து, வலைப்பந்தாட்டத் தலைவிகளின் பெயர்ப் பலகையின் கீழ் நின்றார். பின்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் தெரியும், இடப்பக்கம், மேலிருந்து நாலாவது பெயர். "இன்னும் திருத்தேல்லை" என்றார். முதலெழுத்தைப் பிழையாக எழுதியிருக்கிறார்களாம். 1949இலேயே முறைப்பாடு செய்தாராம். "என்ரை ஐயாவின்ரை பெயரையே மாத்திப் போட்டாங்கள்" என்று அவர் சொல்ல, அம்மா சிரித்த சிரிப்பை அப்பா போன பிறகு அன்றுதான் கேட்டோம்.

மயிலிட்டியில் இருந்த தன் வீட்டைப் பார்க்க அவரால் முடியவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்தின் தடைவரை போய்த் திரும்பினோம். மூன்று கிழமை எங்களோடு நின்றார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தரம் யாராவது ஒருவர் போவார், அல்லது வருவார். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அடுத்த தை மாதம் பெரியம்மா காலமானார். அம்மா பதிவுக்குக்கூடப் போகவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, "மாம்பழம் திண்டவ" என்றார். சற்று நேரம் பொறுத்து, "சண்டையும் பிடிச்சிட்டம்" என்றார்.

இப்போது அம்மாவும் இல்லை. இந்த விழாவுக்காகக் கொழும்பிலிருந்து எங்களில் இருவர் அதே பாதையால் வந்தோம். ஓமந்தைச் சாவடி எந்த இடத்தில் இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டான். ஒருத்தி ஓர் இடத்தைக் காட்டினாள், மற்றவள் இன்னோர் இடத்தைக் காட்டினாள்.

விழா முடிந்ததும் மண்டபத்துக்கு வர்ணம் பூசப்போவதாகச் செயலாளர் சொன்னார். அப்போது அந்தப் பலகையைக் கழற்றத்தான் வேண்டும். நாலாவது பெயரின் முதலெழுத்தைச் சரியாக எழுதி ஒரு துண்டுக் காகிதத்தில் கொண்டுவந்திருக்கிறோம். மேடையிலிருந்து இறங்கும்போது அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.