நாலு மெழுகுதிரியும் ஒரு கேள்வியும்



லண்டனில் மார்கழி மாதம் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வரும்போதே தெருவிளக்குகள் எரியும். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இது திருவருகைக் காலம். நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒவ்வொரு மெழுகுதிரி கூட்டி ஏற்றிக் காத்திருக்கிறோம்.

இந்த வழக்கத்திற்கு ஒரு கதை உண்டு. 1839ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் விச்சேர்ன் என்ற போதகர். நத்தார் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக, பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் அவர் திரிகளைப் பொருத்தினாராம். காத்திருக்கப் பழக்குவதற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய வண்டியின் சக்கரம்!

இந்த வாரங்களில் ஆலயங்களில் எசாயாவின் நூல் வாசிக்கப்படும். வாள்களை அடித்துக் கலப்பைக் கொழு ஆக்குவார்கள், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாக இருக்கும் என்றெல்லாம் அதில் வரும். அந்த நூலின் பிற்பகுதியில் வரும் ஆறுதல் வார்த்தைகள், பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்குச் சொல்லப்பட்டவை. ஊர் இடிந்து கிடக்கிறது. மக்கள் அந்நிய நாட்டில். அவர்களுக்குத்தான் பாலைநிலத்தின் ஊடாக ஒரு வீதியை மனதில் காணச் சொல்கிறார் இறைவாக்கினர். அகதியாக வந்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் எங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்த்தோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் திரியை ஏற்ற வேண்டும். காயம் ஆறின உலகத்தில் தான் காண்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறு என் அம்மா. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் ஒரு கடற்கரைக் கிராமம். 1990 ஆனியில் வெளிக்கிட்டோம். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு விடுபட்டபோது அம்மா தொலைபேசியைப் பிடித்தபடி அழுதா. ஆனால் எங்கள் காணி விடுபட்டவற்றுள் இல்லை. அம்மா திரியை ஏற்றி, "எங்கட முற்றம். கிணற்றடி. வேலியோட நிக்கிற முருங்கை" என்று சொல்லிக்கொண்டு போனா.

என் இளைய மகள் கேட்டாள்: "அம்மம்மா, அங்க இப்ப காவலுக்கு நிக்கிற அந்த ஆமி அண்ணா எங்க போவார்?"

ஒருவரும் பேசவில்லை. அவருக்கு அந்த உலகத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. சாப்பாட்டை எடுத்து வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு கணவரின் முறை. அவர் தீக்குச்சியை எடுக்க முன்னம் அம்மா சொன்னா: "பிள்ளை, நீ கேட்டதை யோசிச்சனான். அவனுக்கும் ஒரு தாய் இருப்பா. படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பா. அவன் வீட்ட போகட்டும். நான் என்ர வீட்ட போறன்."

நேயர்களே, நான் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இதைப்போல ஒன்றைக் கேட்டதில்லை.

மூன்றாம் ஞாயிறு என்னுடையது. அம்மாவின் சொல்லுக்குப் பிறகு எனக்கு மறைக்க முடியவில்லை. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்ந்தபோது, என்னிடம் கொப்பி புத்தகம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளை தன்னுடையதைத் தந்து எழுத விட்டாள். அந்த ஐப்பசியில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவளுடைய இடம் வாங்கில் வெறுமையாகக் கிடந்தது. நாங்கள் வெளிக்கிட்ட கதையைப் பிள்ளைகளுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அவள் கதையை அன்றுதான் சொன்னேன். காயம் ஆறின உலகத்தில் அவள் அந்த வாங்கில் இருக்கிறாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க எனக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறது.

நாலாம் ஞாயிறு மகள். "பக்கத்து வீட்டுத் தாத்தா தனியச் சாப்பிடமாட்டார்" என்றாள். தனியே வாழ்கிற வெள்ளைக்காரர். ஏழு வருடமாகத் தலையாட்டுவதோடு சரி. திரி எரிந்துகொண்டிருக்கவே ஒரு தட்டில் றோல்ஸ் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம். நத்தார் அன்று மத்தியானம் அவர் எங்கள் மேசையில் இருந்தார். உறைப்பு அவருக்குக் கொஞ்சம் கூடத்தான்.

நல்ல உலகத்தைக் கற்பனை செய்வது நடந்ததை மறப்பது அல்ல. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லாமல் விடுவதும் அல்ல. காணாமல் போனோரின் தாய்மாருக்குப் பதில் வேண்டும். காணிகள் திரும்ப வேண்டும். ஆனால் நாங்கள் கேட்கிற அந்த நீதியான உலகத்தில் யார் யார் இருப்பார்கள் என்று மனம் முதலில் காண வேண்டும். மனதில் இடம் இல்லாதவருக்கு மண்ணில் எப்படி இடம் கொடுப்போம்?

சைவ நேயர்களுக்கும் இதே காலத்தை ஒட்டித்தான் கார்த்திகை விளக்கீடு வருகிறது. விளக்கு எதுவானாலும் சரி. ஏற்றின பிறகு ஐந்து நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் விட்டுவிட்ட ஆளை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.