நேர்முகப் பரீட்சையா, குலவிசாரணையா?

(வெலிமடைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



தோட்டத்துப் பிள்ளையொருவன் உயர்தரம் சித்தியெய்தி, எழுத்துப் பரீட்சையிலும் வென்று, நேர்முகப் பரீட்சைக்குச் செல்கிறான். காலையில் வரச்சொல்லி மாலைவரை தாழ்வாரத்தில் நிறுத்துகிறார்கள். உள்ளே இரண்டே நிமிடம். "எந்தத் தோட்டம்? தகப்பன் என்ன தொழில்? லயத்திலா குடியிருப்பு?" அதுவும் அவன் தடுமாறும் மொழியில்! இத்தகைய முறைப்பாடுகள் நம்மிடம் ஓயாது வருகின்றன. இவ்வினாக்களுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு?

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் உத்தியோக வாயிலை அடைத்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. ஆயினும் சட்டம் திறந்த கதவை நேர்முக அறை சாத்துகிறது.

1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் என்ன சொல்கிறது? அரசாங்க சேவையிற் சேர்வதற்கான எப்பரீட்சைக்கும் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றலாம். வேலைக்கு மற்ற மொழி தேவையாயின், சேர்ந்தபின் நியாயமான காலத்துள் கற்கலாம். நேர்முகம் பரீட்சையல்ல என்று எவரும் வாதாடுவாராயின், பெயரிலேயே "பரீட்சை" என்று இருப்பதைக் காணட்டும்!

இந்திய உச்ச நீதிமன்றம் 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் இதே நோயைக் கண்டது. ஸ்ரீநகர்ப் பொறியியற் கல்லூரி அனுமதியில் மூன்றிலொரு பங்குப் புள்ளி நேர்முகத்துக்கு. கேட்டதோ இரண்டு மூன்று நிமிடம். நேர்முகத்துக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட புள்ளி வழங்குவது நியாயமற்றது என்றது நீதிமன்றம். அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் எந்நாட்டுக்கும் பொருந்தும்.

கெப்பட்டிபொலச் சந்தைக்குக் கிழங்கு கொண்டுசெல்லும் விவசாயி தராசின் முள்ளைப் பார்க்காமல் மூட்டையை விடுவதில்லை. நம் பிள்ளையின் தகுதியை மட்டும் ஏன் மறைத்து நிறுக்க வேண்டும்?

ஆகவே நாம் கோருவன மூன்று: புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே அறிவியுங்கள், தமிழறிந்தவரைத் தேர்வுச் சபையில் அமர்த்துங்கள், வழங்கிய புள்ளியையும் காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள்.

இளைஞர்களே, அழைப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கேட்ட கேள்விகளை அன்றிரவே எழுதிவையுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் புள்ளிகளைக் கேளுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்லத் தவணை ஒரே மாதம். அழுது தீர்க்க அம்மாதத்தைச் செலவிடாதீர்கள். முதல் வாரத்திலேயே நம்மிடம் வாருங்கள்.