செவியால் எழுதிய வெண்பா



வெண்பா பண்டிதர்களுக்கு மட்டுமே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்துப் பழனியிலே பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். 1836 முதல் 1884 வரை வாழ்ந்தவர். சின்னஞ்சிறு வயதில் அம்மை வார்த்துக் கண் பார்வை போயிற்று. ஏட்டைப் பார்த்துச் சீர் பிரிக்க வழியில்லை. ஆனாலும் கேட்டே இலக்கணம் கற்றார், நினைத்த மாத்திரத்தில் பாடினார், இராமநாதபுரம் சமஸ்தானத்தில் சிறப்புப் பெற்றார். யாப்பு குடியிருப்பது காதில்தான்! அதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

எழுதிப் பார்ப்போமா? நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். பாலசமுத்திரம். ஒரே சீராகச் சொன்னால் நான்கு அசை; வெண்பா ஏற்காது. இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: 'பால', தேமா. 'சமுத்திரம்', கருவிளம். மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும் என்பது வெண்பாவின் விதி, வந்திருக்கிறதே! நம் ஊர்ப் பெயருக்குள்ளேயே வெண்டளை இருக்கிறது, ஐயா!

விளச்சீருக்குப் பின் நேர். காய்ச்சீருக்குப் பின்னும் நேர். கனிச்சீர் வரவே கூடாது. இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியவேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. இந்த மேடைக்காக நான் கட்டிய குறள் வெண்பாவைக் கேளுங்கள்:

பால சமுத்திரம் பாடுவோம் வெண்பாவில்
காலைக் கதிரெழக் கண்டு.

பால, காலை: எதுகை. காலை, கதிர், கண்டு: மோனை. 'கண்டு', காசு என்ற வாய்பாடு. விரல்விட்டு எண்ணுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். தளை தட்டினால் நாக்கே நின்றுவிடும்.

பிள்ளைகளே, மீதி உங்களுக்கு. இதை நான்கடி நேரிசை வெண்பாவாக வளர்க்கவேண்டும். இரண்டாம் அடியின் நான்காம் சீராக, லகர எதுகையோடு ஒரு தனிச்சொல் வேண்டும். 'கோலம்', 'சோலை' போல எடுத்தால் நேரசையில் தொடங்கும். 'கண்டு' மாச்சீர், நிரையல்லவா கேட்கிறது? அதற்கும் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள், ஆசு என்று பெயர். 'கண்டு' என்பதைக் 'கண்டுவந்து' ஆக்குங்கள். காய்ச்சீர் ஆகிவிட்டது, இனி நேர் வரலாம். தனிச்சொல்லும் கடைசி இரண்டடியும் உங்களுடையவை. எழுதியவர்கள் இப்போதே மேடைக்கு வந்து பாடலாம், ஒலிவாங்கியைத் தருகிறேன்.