அடுதொழிற் கல்வியும் நம் பிள்ளைகளும்

(அம்பத்தூரில் கூடிய நம் சங்கக் கல்வி நிதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு நகைப்பை விளைவித்தல் கூடும். தமிழாசிரியத் தொழில் பூண்டோர் சங்க மேடையேறி இலக்கியம் பேசாது சோறாக்கும் கல்வியைப் பேசுவானேன் என்று வினவுவோரும் இவ்வவையில் உளர். காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, ஓட்டல் நிர்வாகமும் உணவாக்கமும் பயில விரும்பிய ஒரு மாணவனுடையது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கணக்காயர் படிப்புக்கும் முகமலர்ந்து ஈந்த நிதிக்குழுவினர், அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் ‘சமையலுக்கும் உபகாரச் சம்பளமா?’ என்று புறத்தே வைத்துவிட்டனர். அம்முடிவு மாற்றப்படல் வேண்டுமென்று வாதிடுதற்கே இங்கு நிற்கின்றோம்.

இத்தொழில் இழிந்ததென்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? நம் பழைய நூல்களிலிருந்து வந்ததன்று. சிறுபாணாற்றுப்படையிலே, ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு, வீமசேனன் செய்த மடைநூலின் நெறி வழுவாது ஆக்கப்பட்டதென்று புலவர் கூறுகின்றார். மணிமேகலை, நாடக மகளிர் கற்றுத் துறைபோகிய கலைகளை எண்ணுமிடத்து மடைநூலையும் உடன் வைத்து எண்ணுகின்றது. நூலென்று ஒன்று இருந்ததாயின், அதனைக் கற்பித்தாரும் கற்றாரும் இருந்தனர் என்பது சொல்லாமே அமையும். நிடத வேந்தனாகிய நளன் உருமாறி, வாகுகன் என்னும் பெயர்கொண்டு, இருதுபன்னனிடம் தேரோட்டியாகவும் மடைத்தொழிலனாகவும் இருந்தான். அவன் அட்ட உணவின் சுவை கண்டே தமயந்தி ஐயம் நீங்கினாள் என்பது பாரதக் கதை. நளபாகம் என்று நாவினிக்கச் சொல்லுகின்றோம். நம் பிள்ளை அதனைக் கற்கப் புறப்பட்டாலோ முகஞ் சுளிக்கின்றோம்!

இழிவெண்ணம் வந்த வழி வேறு. யார் ஆக்கிய சோற்றை யார் உண்பது, யாரோடு யார் ஒரு பந்தியில் இருப்பது என்னும் வழக்குகளே சமையற்கட்டைச் சாதிக்கட்டு ஆக்கின. சேரன்மாதேவியிலே வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவர்க்குத் தனியே உணவிட்டமையால் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் மாகாணமே கலங்கிற்று. இருப்புப்பாதை நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமுமாக இருந்த பாகுபாடு 1941-இல்தான் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கபே என்னும் உண்டிச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்குமாறு பெரியார் ஈ. வெ. ரா. மறியல் தொடங்கியது 1957-இல். விடுதலை வந்து ஏறத்தாழப் பத்தாண்டு ஆகியும் அது வேண்டியிருந்தது. நம் ஊர்க் கல்யாணப் பந்தல்களிலும் சிலர்க்கு வேறு பந்தி இருந்தது என்பதை இங்குள்ள முதியோர் அறிவர். அதனைச் சொல்லாமல் மேற்செல்லுதல் நேர்மையன்று.

இனி, அக்கல்வி எத்தன்மைத்து என்பதைக் காண்போம். லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டிலே பம்பாயில் இத்துறைக்கு ஒரு கல்விநிலையம் எழுந்தது. சென்னையில் 1963-இல் தொடங்கியது. இப்பொழுது தரமணியில் நடைபெறுகின்றது. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் நிலையம் ஒன்று உண்டு. 1982-இல் ஏற்பட்ட தேசிய மன்றமொன்று பாடத்திட்டத்தை வகுக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் நுழைவுத் தேர்வெழுதிச் சேர்ந்தால் பட்டப்படிப்பு மூன்றாண்டு. பத்தாம் வகுப்போடு நின்றோர்க்கும் வழி அடைபடவில்லை. உணவாக்கத்தில் ஒன்றரை ஆண்டுக் கைத்திறப் படிப்பு உண்டு.

சமையல் மட்டுந்தான் கற்பிப்பார்கள் என்று எண்ணற்க. பரிமாறுதல், வருவோரை வரவேற்றுக் கணக்கு வைத்தல், அறைகளைப் பேணுதல் ஆகியவையும் அதனோடொத்த துறைகள். உணவின் சத்து, சரக்கின் விலை, வீணாகும் பங்கு இவற்றையெல்லாம் எண்ணிட்டுக் கற்கின்றனர். சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நெடுநேரம் வைத்தால் அதில் நச்சுக்கிருமி பல்கும். ஆகவே ஒன்று சூடாக வைத்தல் வேண்டும், அன்றேல் விரைவில் குளிர்வித்தல் வேண்டும். கல்யாண வீட்டில் காலையில் வடித்த சோற்றை மாலைவரை அண்டாவில் மூடிவைக்கும் நமக்கு இவ்வொரு பாடமேனும் தெரிந்திருத்தல் நன்று. பயிலும் காலத்திலேயே சில மாதம் பெரிய ஓட்டல்களுக்கு அனுப்பி வேலை பழக்குகின்றனர். அங்கே ஓர் அடுப்பின்முன் எல்லா மரபுப் பிள்ளைகளும் நிற்கின்றனர். உப்பு மிகுந்ததா குறைந்ததா என்பதொன்றே வழக்கு.

படிப்பின்றியே உயர்ந்தோர் இலரோ எனின், உளர். உடுப்பிச் சீமையினின்று வந்த கே. கிருஷ்ணராவ் சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்து தொடங்கி, 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவினார். பிரான்சு தேசத்து எஸ்கோபியர் பதின்மூன்றாம் வயதில் தம் சிற்றப்பனார் உண்டிச்சாலையில் பணிக்கு அமர்ந்தார். இன்று உலகத்துப் பெரிய ஓட்டல்களில் சமையற்கட்டு பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் அவர் செய்த ஒழுங்கே. ஆயினும் அவர்கள் பல்லாண்டு பட்டுக் கற்றதை மூன்றாண்டில் முறையாகக் கற்க இயலும்போது, பட்டுத்தான் கற்பேன் என்பது வீம்பு.

வேலை எங்கே என்பது அடுத்த கேள்வி. கடல் கடந்து போக வேண்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலே, 250 பேருக்கு மேல் உழைக்கும் ஆலைக்கு உணவுச்சாலை வேண்டும் என்னும் விதி எழுந்தது; 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 100 ஆகக் குறைத்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நிரையாக நிற்கும் மருத்துவமனைகளும் கல்லூரி விடுதிகளும் எத்துணைப் பேர்க்கு நாள்தோறும் சோறிடுகின்றன! அவற்றை ஒப்பந்தம் எடுத்து நடத்துவோர் பலர் வெளியூரினர். நம் பிள்ளைகள் அவ்வாலைகளில் இயந்திரத்தின்முன் நிற்கின்றனர். அந்த உணவுச்சாலையை நடத்தும் தகுதி உடையோர் நம்மிடையே மிகச் சிலர்.

தொழிலின் கடுமையை மறைத்துப் பேசுதல் நம் கருத்தன்று. நின்றபடியே பத்து மணி நேரம் உழைத்தல் வேண்டும். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும் நாளே இவர்க்கு வேலை மிகுந்த நாள். தொடக்கச் சம்பளம் சிறிது; ‘மூன்றாண்டு படித்தும் இவ்வளவுதானா?’ என்று தந்தையர் கேட்பர். நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்பும் பெண்பிள்ளைக்கு வாகனமும் காவலும் உண்டா என்று கேட்டறிந்தே அனுப்புதல் வேண்டும். அதற்காகப் பெண்களை அனுப்பலாகாது என்பதன்று. இன்னொன்று: சுவர்தோறும் விளம்பரம் ஒட்டிக் கப்பலில் வேலை, வெளிநாட்டில் வேலை என்று உறுதிகூறிப் பெருந்தொகை கொள்ளும் கல்லூரிகள் சில உள. பட்டம் தருவது எப்பல்கலைக்கழகம், அடுப்புகள் எத்தனை, சென்ற ஆண்டு தேறியவர் எங்கே இருக்கின்றனர் என்னும் மூன்றையும் நேரிற் சென்று விசாரியாமல் பணங் கட்டற்க.

நமக்கு மனம் வருந்துவது ஒன்றுண்டு. அந்நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடைபெறுகின்றது; தமிழில் இல்லை. சோற்றுக்கு மொழி ஏது? ஆயினும் தேர்வுக்கு உண்டு. தமிழில் எழுதும் உரிமை கேட்டு எழுதிக்கொண்டிருப்போம்; அது வருமளவும் நம் பிள்ளை காத்திருத்தல் ஆகாது. கணக்கும் பொது அறிவும் நன்கறிந்த தமிழ்வழி மாணவன் ஆங்கிலப் பகுதியில் தயங்கி நிற்பதற்கு மருந்து, ஆங்கிலத்தை நாம் கற்பிப்பதுதான்.

ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களைத் தரமணி நிலையத்திற் சேர்த்துப் படிப்பிக்க அரசின் தாட்கோ நிறுவனம் செலவேற்கின்றது. அது மிக நல்ல காரியம். அரசு இத்தொழிலைக் கல்வியென்று மதித்துப் பொருள் செலவிடும்போது, நம் சங்கம் மட்டும் அதனை அடுப்பூதுதல் என்று தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே நிதிக்குழுவினர்க்கு நம் விண்ணப்பம் இது. உபகாரச் சம்பள விதியில் ‘தொழிற்கல்வி’ என்னும் சொல்லுக்குக் கீழே உணவாக்கமும் ஓட்டல் நிர்வாகமும் சேர்க்கப்படல் வேண்டும். முதலாண்டில் இருவர்க்கு அளித்தாற் போதும். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். கல்விக் கட்டணத்தோடு வெள்ளைச் சீருடைக்கும் கத்திப் பெட்டிக்கும் தனியே பணம் வேண்டும், அதனை மறத்தலாகாது. அம்பத்தூரிலிருந்து போகும் பிள்ளை மூர்மார்க்கெட்டில் இறங்கிப் பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறிப் போகலாம்; ஆகவே விடுதிச் செலவு இல்லை, பருவச் சீட்டுக்கே செலவு. கார்த்திகை முதல் ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க ஆசிரியர் இருவர் ஊதியமின்றி இசைந்துள்ளனர். தமிழ்ப்பாடம் அங்கே வேண்டாவாயினும், நாற்காலி எடுத்துப்போட நாமும் வருவோம். சென்ற ஆண்டு விண்ணப்பித்த அம்மாணவன் இப்பொழுது ஆவடியில் ஒரு பண்டசாலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கின்றான். அவன் விண்ணப்பம் இன்னும் செயலாளர் அவர்களின் கோப்பில்தான் உள்ளது. அதனை இன்றே எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.