சொல்ல வந்த பிள்ளை

கேரளத்தின் தென்னெல்லையில், வெள்ளறடைக்கு அருகில், பனச்சமூடு என்றொரு சந்தையூர் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்கிறது. ஆயினும், ஒரு செய்தியை மட்டும் இரு மொழியிலும் சொல்ல அதற்கு வாய் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் அங்கே சென்றிருந்தோம். உறவினர் வீட்டுப் பையன், வயது பதினாறு, திண்ணையில் நம் அருகே வந்து உட்கார்ந்தான். "மாமா, பெண்பிள்ளைகள்மேல் எனக்கு நாட்டம் வரவில்லை. மனம் ஆண்பிள்ளைகள் பக்கமே போகிறது" என்றான். "வயது ஏறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்றோம். "சரி, மாமா" என்று எழுந்து போனான். பின்னர் ஈராண்டுக் காலம் நம்மிடம் அவன் மனம்விட்டுப் பேசவில்லை.

அன்று நாம் சொன்னது ஆறுதலன்று, அறியாமை. தன்பாலீர்ப்பு என இன்று தமிழில் வழங்கும் இவ்வியல்பு நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இதனை நோய்ப்பட்டியலினின்றும் நீக்கிற்று. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது மனநோயன்று என அறிவித்தது. நோயல்லாததற்கு மருந்து ஏது? மந்திரவாதி ஏது? அவசரக் கலியாணத்தால் ஆவதுதான் என்ன? வீடு தேடி வந்த மற்றொரு பெண்ணின் வாழ்வும் சேர்ந்து பாழாகும், அவ்வளவே.

சட்டமும் மாறியிருக்கிறது. வயது வந்தோர் மனமொத்து வாழ்வதைக் குற்றமாக்கிய 1860ஆம் ஆண்டின் சட்டப் பிரிவை, அவர்களைப் பொறுத்தமட்டில், உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் செல்லாததாக்கிற்று. ஆயினும் 2023இல் அதே நீதிமன்றம் இத்தகையோர் திருமணத்திற்கு அங்கீகாரம் வழங்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஈண்டு மற்றொரு வழக்கு நினைக்கத் தக்கது. மதுரையைச் சேர்ந்த இரு இளம் பெண்கள், ஒருவரையொருவர் நேசித்துச் சென்னைக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடினர். வழக்கைக் கேட்ட நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாது என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின் 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணையிட்டார். இவ்வியல்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அவ்வாணை தடை செய்தது. தீர்ப்புச் சொல்லும் முன் கற்றுக்கொள்ள நீதிபதி கூசவில்லை, பெற்றோர் கூசுவானேன்?

பிள்ளை முதலில் நண்பனிடம் சொல்கிறது. பெற்றோரிடம் கடைசியாகச் சொல்கிறது. வீடு போகும், படிப்பு நிற்கும், அடி விழும் என்னும் அச்சமே காரணம். சொல்லியே தீரவேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைக்கு இல்லை. நம்பத் தக்க பெரியவர் ஒருவரைக் கண்டு, தனக்கு ஏற்ற காலத்தில் சொல்லலாம். கேட்பவர் செய்யத் தக்கவை மூன்று: இடைமறியாது கேட்டல், "நீ எங்கள் பிள்ளை" என்று சொல்லுதல், பிள்ளையின் சம்மதமின்றிப் பிறருக்கு, பாட்டிக்கும்கூட, சொல்லாதிருத்தல். மனம் தளர்ந்தால் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. சிறார்க்கு 1098 என்னும் எண்ணும் உண்டு.

நேயர்களே, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குத் தெரியும்: நாள் முழுதும் பிறர் மொழி பேசிவிட்டு, மாலையில் வீட்டிற்கு வந்து தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால்தான் மூச்சு வரும். அந்த வீட்டிலேயே தன் மனத்தைப் பேச இயலாத பிள்ளை எங்கே போய் மூச்சு விடும்?

பின்னர் அப்பையனுக்குக் கடிதம் எழுதினோம். "அன்று நாம் சொன்னது தவறு. நீ சொன்னதை இப்போது கேட்க விரும்புகிறோம்" என்பதே அதன் சாரம். பத்து நாளில் மறுமொழி வந்தது. அதில் ஒரே வரி: "மாமா, அடுத்த விடுமுறைக்கு எப்போது வருகிறீர்கள்?"