ஒரு தாயின் ஐயம்

1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், மனவளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளின் தாய், ஃபோலிங் என்ற மருத்துவரை நாடினார். குழந்தைகளிடம் வீசிய விநோதமான வாடைக்குக் காரணம் கேட்டு அவர் பல வைத்தியர்களிடம் அலைந்திருந்தார். விடை கிட்டவில்லை. ஃபோலிங் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தார். அது பச்சை நிறமாயிற்று. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் அரிய பரம்பரை நோய் அவ்வாறுதான் வெளிப்பட்டது.

நாம் உண்ணும் புரதத்தில் ஃபீனைலலனின் என்றொரு பொருள் உண்டு. அதைப் பக்குவப்படுத்தும் கல்லீரல் நொதி இக்குழந்தைகளிடம் சரிவர இயங்குவதில்லை. ஆகவே தாய்ப்பாலிலுள்ள அப்பொருளும் இரத்தத்தில் அளவு மீறிச் சேர்ந்து, வளரும் மூளையைக் கெடுக்கிறது. பெற்றோர் நோயற்றவர்களே, ஆயினும் பழுதுற்ற மரபணுவை இருவரும் சுமந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

1953இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவர் தோழர்களும், இப்பொருள் குறைந்த உணவால் குணம் காணலாம் என்று காட்டினர். 1960களில் அமெரிக்கரான ராபர்ட் கத்ரியின் முறை பரவியது; சிசுவின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தமே நோயைக் காட்டிக் கொடுத்தது. முதல் வாரங்களிலேயே உணவைத் திருத்தி, அதை விடாது காத்துவந்தால், குழந்தை ஏனையோரைப் போல் வளரும், கற்கும். காலம் கடந்தபின் கெட்டது முழுவதும் மீளாது.

நம் நாட்டில் எல்லாச் சிசுக்களுக்கும் இச்சோதனை இன்னும் கிட்டவில்லை. கிட்டும் இடத்தில் தவறாது செய்துகொள்வோம். தாய் சொல்லும் சிறு ஐயத்தையும் செவிசாய்த்துக் கேட்போம்.